திண்டுக்கல் மைதானத்திலிருந்து ஐரோப்பாவுக்கு... ஜப்பான்காரர்கள் போன வழி!

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறுவதென்றால் வெயிலுக்கு முன்பே ஏறிவிட வேண்டும். பாறை சுட ஆரம்பித்துவிட்டால் பாதம் தாங்காது. தூரத்திலிருந்து பார்த்தால் திண்டு போலத் தெரியும் கல். அதனால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்பார்கள். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

மேலே நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் மங்கலாகப் பழனி மலைத்தொடர். கீழே நெருக்கியடித்த மொட்டை மாடிகள், ரயில் பாதை, பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள், மசூதி, மாதா கோயில் கோபுரங்கள். இந்த நெரிசலுக்கு நடுவே அங்கங்கே செம்மண் நிறத்தில் காலியிடங்கள் தெரியும். அவை பள்ளிக்கூட மைதானங்கள். காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் அந்த இடங்களுக்கு மாலை நாலரை மணிக்கு மேல்தான் உயிர் வரும். புல் கிடையாது, புழுதிதான். ஆனால் பந்து உருளும்.

அந்தப் புழுதிக்கும் இங்கிலாந்து, ஜெர்மனியின் பச்சைப்புல் மைதானங்களுக்கும் எவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பான்காரர்களும் கேட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த பதிலில் திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

பூட்டு ஊரும் ‘ப்ளூ லாக்’கும்

கோட்டையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் பட்டறைகள் இருந்த ஊர் இது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகை வகையாகக் கையால் செய்வார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகர் பூட்டும் மெஷின் பூட்டும் மலிவு விலைக்கு வந்த பிறகு பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அப்பாவின் அரத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள்.

பூட்டு ஊர்ப் பையன்களுக்கு இன்னொரு பூட்டும் அறிமுகமாகியிருக்கிறது. அது ‘ப்ளூ லாக்’. 2018-ல் ஜப்பானில் காமிக்ஸ் தொடராக ஆரம்பித்து, 2022 அக்டோபரில் அனிமேஷனாக வந்த கால்பந்துக் கதை. முந்நூறு இளம் வீரர்களை ஓரிடத்தில் அடைத்துப்போட்டு, அவர்களில் ஒரே ஒரு சிறந்த ஸ்ட்ரைக்கரைத் தேடுவார்கள். மொபைலில் அனிமே பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு மெஸ்ஸி, ரொனால்டோவோடு மிட்டோமா, குபோ போன்ற பெயர்களும் சேர்ந்து பழகிவிட்டன.

கதையில் வரும் பூட்டை விடுங்கள். நிஜத்தில் ஐரோப்பாவின் பூட்டை ஜப்பான்காரர்கள் எப்படித் திறந்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

பூஜ்யத்திலிருந்து 19

ஜப்பான் முதன்முதலில் உலகக்கோப்பையில் ஆடியது 1998-ல், பிரான்ஸில். அன்று அணியில் இருந்த 22 பேரும் உள்நாட்டு கிளப்களில் ஆடியவர்கள். ஐரோப்பிய கிளப்பில் இருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பினார்கள்.

2022 கத்தார் உலகக்கோப்பையைப் பாருங்கள். ஜப்பான் அணியின் 26 பேரில் 19 பேர் ஐரோப்பிய கிளப்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். முதல் ஆட்டத்திலேயே ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தார்கள். கோல் அடித்த டோவான், அசானோ இருவருமே அப்போது ஜெர்மன் கிளப்களில் சம்பளம் வாங்கியவர்கள். அந்த ஊர் லீகில் வாராவாரம் ஆடி, ஜெர்மன்காரர்களின் ஆட்டம் பழகியவர்கள்.

இது திடீரென்று நடந்ததல்ல. 1977-லேயே யசுஹிகோ ஒகுடேரா என்ற வீரர் ஜெர்மனியின் கொலோன் கிளப்புக்குப் போனார். அடுத்த ஆண்டே அந்த கிளப் ஜெர்மன் லீகை வென்றது. ஆனால் அவர் ஒற்றை ஆளாகப் போனவர். பின்னாலேயே வரிசையாகப் பலர் போவதற்கு அன்று பாதை இல்லை. 1998 உலகக்கோப்பை முடிந்ததும் நகாடா இத்தாலிக்குப் போனார். நகமுரா, ககாவா, ஹொண்டா என்று பெயர்கள் நீண்டன. ஹசேபே ஜெர்மனியிலேயே பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆடி, 40 வயதில், 2024-ல்தான் ஓய்வு பெற்றார்.

இடையில் என்ன மாறியது? இரண்டு விஷயங்கள். ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று ஊர்.

ஒரே கிளப், மூன்று பையன்கள்

திண்டுக்கல்லில் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு விஷயம் தெரியும். ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் கூட்டமாக இருப்பார்கள். ஒன்பதாவதில் கூட்டம் குறையும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பூட்ஸ் பரணுக்குப் போய்விடும். “பந்தை உதைச்சா சோறு போடுமாடா? மொதல்ல பப்ளிக் எக்ஸாமுக்குப் படி” என்ற குரல் கேட்காத வீடு இல்லை. அப்படிச் சொல்லும் அம்மாவையோ அப்பாவையோ குறை சொல்லவும் முடியாது. பூ மார்க்கெட்டிலும் வெங்காய மண்டியிலும் மில் ஷிப்டிலும் உழைத்து ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு, தெரிந்த ஒரே ஏணி படிப்புதான். அந்த ஏணியில் ஏறித்தான் இந்த ஊரிலிருந்து பலரும் மேலே போயிருக்கிறார்கள்.

ஆனால், படிப்பா பந்தா என்ற கேள்வியையே ஜப்பான் வேறு மாதிரி கேட்டது.

டோக்கியோவை ஒட்டி கவாசாகி என்று ஒரு தொழில் நகரம். அங்கே சகினுமா என்ற பகுதியில் சிறு பிள்ளைகளுக்கான ஒரு கால்பந்து கிளப். கவோரு மிட்டோமா, ஆவோ டனாகா, கோ இடாகுரா மூன்று பேரும் சிறுவர்களாக அங்கே ஆடியவர்கள். மிட்டோமாவும் டனாகாவும் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள்.

2022 டிசம்பர் 1. கத்தாரில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டம். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மிட்டோமா விடாமல் ஓடிப்போய்க் காலை நீட்டி அதை உள்ளே திருப்பிவிட்டார். ஓடிவந்த டனாகா கோலுக்குள் தள்ளினார். வீடியோவில் பார்த்தபோது பந்தின் விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டுமே கோட்டின் மேல் இருந்தது. கோல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஜப்பான் 2-1 என்று வென்றது. பாஸ் கொடுத்தவரும் கோல் அடித்தவரும் ஒரு தெருப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவர்கள். அதே ஆட்டத்தில் தடுப்பில் நின்ற இடாகுராவும் அதே கிளப்பில் வளர்ந்தவர்தான். திண்டுக்கல்லின் ஒரு வார்டிலிருந்து மூன்று பையன்கள் உலகக்கோப்பையில் ஒன்றாக ஆடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மிட்டோமா கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய கட்டம் இனிமேல்தான் வருகிறது. கவாசாகி ஃபுரொன்டாலே என்ற பெரிய கிளப்பின் இளையோர் அணியில் இருந்தவர் அவர். பதினெட்டு வயதில் அந்த கிளப்பே சீனியர் அணிக்குக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உடற்கல்வி படித்தார். அங்கே பட்டப்படிப்புக்கு அவர் எழுதிய ஆய்வே, பந்தை எப்படிக் கடத்திக்கொண்டு போவது என்பதைப் பற்றித்தான். கூட ஆடியவர்கள் தலையில் சிறு கேமராவை மாட்டி, ஆட்டத்தின்போது அவர்களின் பார்வை எங்கே போகிறது என்று ஆராய்ந்தார். நல்ல வீரர்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை, எதிராளியைப் பார்க்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

படிப்பை முடித்துவிட்டு 2020-ல் அதே கவாசாகி கிளப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் அவரை வாங்கியது. ஒரு வருஷம் பெல்ஜியத்தில் ஆடிப் பழகிவிட்டு, பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார். நான்கு வருஷம் காலேஜில் ‘வீணாகப்’ போய்விடவில்லை. எதிராளியை ஏமாற்றும் வித்தையே அங்கே கூர்மையானது.

டிகிரியோடு ஐரோப்பா

மிட்டோமா மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் இன்டர் மிலனில் ஏழு ஆண்டுகள் இருந்த யூட்டோ நகடோமோ, மெய்ஜி பல்கலைக்கழக மாணவர். அங்கே காயம்பட்டு ஆட முடியாமல் கிடந்த காலத்தில், கேலரியில் உட்கார்ந்து தன் காலேஜ் அணிக்காக மேளம் அடித்தவர். பிறகு நான்கு உலகக்கோப்பைகளில் ஆடினார். பெல்ஜியம், பிரான்ஸ் லீகுகளில் ஓடிய ஜுன்யா இட்டோ, கனகாவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்குக் கோல்களை அள்ளிக் கொடுத்த கியோகோ ஃபுருஹாஷி, சுவோ பல்கலைக்கழக மாணவர். படிப்பு முடிந்ததும் இவருக்குக் கிடைத்தது பெரிய கிளப் அல்ல; இரண்டாம் டிவிஷனில் இருந்த கிஃபு என்ற சிறிய ஊர் அணி. அங்கிருந்து படிப்படியாக ஏறினார். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஆடிய மொரிட்டாவும் பல்கலைக்கழக அணியிலிருந்து வந்தவர்தான்.

பள்ளிக்கூட அளவிலும் இதே கதைதான். நம் அகில இந்தியப் போட்டி மாதிரி, அங்கே மேல்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டி உண்டு. 47 மாகாணங்களிலிருந்து 48 பள்ளிகள் வரும். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடியும். நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், அங்கே பள்ளிப் பிள்ளைகளின் இறுதி ஆட்டத்தை நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கும். ஹொண்டா, ஒகசாகி போன்றவர்கள் அந்தப் போட்டியில் பெயர் வாங்கிப் பிறகு ஐரோப்பாவுக்குப் போனவர்கள்.

நமக்கும் குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை எல்லாம் இருக்கின்றன. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளைகள் மேலே வருகிறார்கள். கோப்பையோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஆனால், ப்ளஸ் டூ முடிந்த மறுநாள் அந்தப் பையன் எந்த அணிக்கு ஆடுவான் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனி பெயர் போய், ஊர் பெயர் வந்தது

ஜப்பானில் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் ஜே-லீக். 1993 மே 15-ல் பத்து கிளப்களோடு ஆரம்பமானது. அதற்கு முன்பு அங்கே இருந்தவை கம்பெனி அணிகள். ஃபுருகாவா எலெக்ட்ரிக், மிட்சுபிஷி, யன்மார் என்று ஆலைகளின் பெயரில் ஆடுவார்கள். வீரர்கள் அந்தக் கம்பெனி ஊழியர்கள். ஒகுடேராவும் ஃபுருகாவா ஊழியராக இருந்தவர்தான்.

இதைக் கேட்டால் தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களுக்குச் சிரிப்பு வரும். சென்னை லீகில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை என்று ஆபீஸ் அணிகள் ஆடியதும் இதே மாதிரிதான். பல குடும்பங்களுக்கு அந்த அணிகள் சோறு போட்டன. இன்றும் தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. “பந்து சோறு போடுமா” என்ற கேள்விக்கு நம் ஊரில் இருக்கும் கௌரவமான பதில் அது.

ஜப்பான் அதோடு நிற்கவில்லை. கிளப் பெயரில் கம்பெனி இருக்கக் கூடாது, ஊர்தான் இருக்க வேண்டும் என்று ஜே-லீக் கேட்டது. மிட்சுபிஷி அணி, உராவா ரெட்ஸ் ஆனது. ஊர் பெயர் வந்ததும், அது ஊர்க்காரர்களின் அணி ஆனது. பிள்ளைகளுக்கான பயிற்சியும் கிளப்பின் கடமை ஆனது. பத்து கிளப்கள் இன்று மூன்று டிவிஷன்களில் 60 ஆகிவிட்டன. ஃபுருஹாஷிக்குக் கிஃபு கிடைத்தது போல, காலேஜ் முடித்து வரும் பையனுக்கு ஏதோ ஓர் ஊரில் ஒரு ஜெர்ஸி காத்திருக்கிறது. மேல்படிக்கு ஐரோப்பாவிலேயே ஓர் இடமும் பிடித்தார்கள். பெல்ஜியத்தின் சிந்த்-ட்ரூடன் கிளப்பை 2017-ல் ஒரு ஜப்பான் நிறுவனம் வாங்கியது. அங்கே ஆடிப் பழகிய பிறகு பெரிய லீகுகளுக்குப் போனவர்களில் வட்டாரு எண்டோ, டகெஹிரோ டொமியாசு ஆகியோரும் உண்டு. எண்டோ 2023-ல் லிவர்பூலில் சேர்ந்தார்.

கோயம்புத்தூரில் எரிந்து அணைந்த விளக்கு

தமிழ்நாட்டிலும் ஒருமுறை அந்தக் கதவு லேசாகத் திறந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. ஸ்பெயின் வீரர்களோடு உள்ளூர்ப் பையன்களும் நிறையப் பேர் இருந்தார்கள். 2019 மார்ச் 9-ல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. அடுத்த பருவத்தில் கட்சுமி யூசா என்ற ஜப்பான் வீரரும் வந்து சேர்ந்தார். 2014-15-ல் மோகன் பகான் ஐ-லீக் வென்றபோது அந்த அணியில் இருந்தவர் அவர்.

தமிழ்ப் பையன்கள், ஜப்பான்காரர், ஐரோப்பிய கிளப்பின் முதலீடு. எல்லாம் ஒரே ஸ்டேடியத்தில். அந்த அணியில் ஆடிய எட்வின், ரொமாரியோ ஆகியோர் அங்கிருந்து ஐ.எஸ்.எல். கிளப்களுக்குப் போனார்கள். ஆனால் 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. விளக்கு அணைந்துவிட்டது. ஐ.எஸ்.எல்.-லில் தமிழ்நாட்டுக்காக ஆடியது சென்னையின் எஃப்.சி. மட்டும்தான். திண்டுக்கல்லுக்குக் கிரிக்கெட்டில் ஊர் பெயரோடு டிராகன்ஸ் அணி இருக்கிறது, 2024-ல் டி.என்.பி.எல். கோப்பையும் வென்றது. கால்பந்தில் அப்படி ஊர் பெயர் சொல்லிக் கத்த ஒரு பெரிய அணி வாய்க்கவில்லை. பெரிய லீகில் ஆட நினைக்கும் பையன் சென்னைக்கு ரயில் ஏறத்தான் வேண்டும்.

திறமை இல்லாமல் இல்லை. காரைக்குடி பக்கம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி, 2022 துராந்த் கோப்பை இறுதிப் போட்டியில் பெங்களூரு அணிக்காகக் கோல் அடித்தார். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள், 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனது. ஜப்பான் பெண்கள் 2011-லேயே உலகக்கோப்பையை வென்றவர்கள். அந்த இறுதிப் போட்டியில் கடைசி பெனால்டியை அடித்த சகி குமகாய், பிரான்ஸின் லியோன் கிளப்புக்காக ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைத் தூக்கினார். 2020-ல் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தபோது, இந்தியப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்தது. ஆனால் அவரும், ஒகுடேரா மாதிரி, ஒற்றை ஆளாகப் போனவர்.

எல்லா லீவரும் எழும்ப வேண்டும்

திண்டுக்கல் பூட்டுக்குள் லீவர் என்று சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்குச் சரியாக எழும்ப வேண்டும். ஒன்று எழும்பாவிட்டாலும் பூட்டு திறக்காது. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இந்த ஊர்க் கைவேலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜப்பான் செய்ததும் அதுதான். பள்ளி மைதானம், காலேஜ் அணி, ஊர் கிளப், சின்ன டிவிஷன், பெல்ஜியத்தில் ஒரு படி. எல்லாம் எழும்பியபோது கதவு திறந்தது. திண்டுக்கல்லில் முதல் தகடு இப்போதே எழும்பித்தான் இருக்கிறது. அந்த மைதானங்களில் மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். அடுத்த தகடு, பத்தாம் வகுப்பில் பூட்ஸைப் பரணில் போடாமல் இருப்பது. இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். டியூஷனுக்கு முன்பு ஒரு மணி நேரம் போதும். அந்தப் பையன் ஐரோப்பாவுக்குப் போகாமலே போகலாம். ஜப்பானிலும் ஆடுகிற எல்லோரும் போய்விடுவதில்லை. ஆனால் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட்டோ, ஒரு வேலையோ கிடைக்க அந்த ஒரு மணி நேரம் வழிவிடும். ஊர் கிளப், லீக் என்ற மற்ற தகடுகளை எழுப்ப வேண்டியது பெரியவர்களின் வேலை.

சனிக்கிழமை இரவு. பிரியாணிக் கடைகளில் சீரகச் சம்பா வாசனை அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வத்தலகுண்டு, நத்தம், பழனி என்று கண்டக்டர்களின் குரல். இங்கிலாந்தில் மதிய ஆட்டங்கள் தொடங்கும்போது இங்கே மணி ஏழரை, குளிர்காலமென்றால் எட்டரை. பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மொபைலைச் சாய்த்து வைத்து ஆட்டம் பார்க்கும் பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. அப்படி உங்கள் வீட்டிலும் ஒருவன் இருந்தால், மொபைலைப் பிடுங்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். இடது ஓரத்தில் பந்தோடு ஓடுவது மிட்டோமாவாக இருந்தால், அவர் டிகிரி முடித்தவர் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் மறுநாள் காலையில், பரணில் கிடக்கும் பூட்ஸை எடுத்துத் தூசி தட்டி வையுங்கள்.